முன்பே முறிந்த கால்

‘விபத்துக்கு முன்பு மனுதாரரின் வலது காலில் எந்தக் குறையும் இருந்ததில்லை.’

இந்த ஒரு வரியை எழுதியவன் நான். வக்கீல் சொல்லி எழுதவில்லை. அடிபட்டு எங்களிடம் வழக்குப் போட வந்த அக்கா சொல்லியும் எழுதவில்லை. அவர் சொன்னதற்கு நேர்மாறாக, என் சொந்தப் புத்தியில், நல்லது செய்கிறோம் என்ற மிதப்பில் எழுதினேன். அந்த வயதில் எனக்குப் புத்தி கொஞ்சம் கூடுதல் என்று ஒரு நினைப்பு. இப்போது அதை நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. எரிச்சலை யார்மேல் காட்டுவது? என்மேல்தான் காட்டியாக வேண்டும். இத்தனை வருடமாகக் காட்டிக்கொண்டுதான் இருக்கிறேன், ஒரு பிரயோஜனமும் இல்லை.

எண்பதுகளின் தொடக்கம் அது. மதுரையில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தேன். லாரியும் பஸ்ஸும் மோதி அடிபட்டவர்களுக்காக நஷ்ட ஈடு கேட்டு வழக்குப் போடுவதுதான் எங்கள் ஆபீஸில் முக்கால்வாசி வேலை. பெரியாஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் ஜில்லா கோர்ட்டுக்கும் சைக்கிளில் அலைந்து காகிதம் சேர்ப்பது நான். வந்தவர்களை உட்காரவைத்து, என்ன நடந்தது என்று கேட்டு, மனுவை முதலில் தமிழில் எழுதுவதும் நான். வக்கீல் அதைப் படித்து, திருத்தி, ஆங்கிலத்தில் ஆக்கி டைப் அடிக்கக் கொடுப்பார். ஆக, ஒரு மனிதருடைய கஷ்டம் கோர்ட்டுக்குள் எந்த உருவத்தில் நுழைய வேண்டும் என்று முதலில் தீர்மானிக்கிறவன் நான்தான். கறுப்புக் கோட்டு இல்லாத குறை ஒன்றுதான் என்று வீட்டில் பீற்றிக்கொள்வேன்.

அந்த அக்கா பேரையூர்ப் பக்கத்திலிருந்து வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் செத்துப்போய் ரொம்ப நாளாகிவிட்டது, பிள்ளை குட்டி இல்லை. களை வெட்டு, பருத்தி எடுப்பு என்று காட்டு வேலைக்குப் போய் ஒண்டிக்கட்டையாகப் பிழைத்துவந்தவர். தங்கச்சி மகள் திருநகரில் ஒரு வீட்டில் வேலை பார்த்தாள். அவளைப் பார்த்துவிட்டு, திருமங்கலம் ரோட்டில் பஸ்ஸுக்கு நின்றிருக்கிறார். பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்க்கும்போது மணல் லாரி ஒன்று ரோட்டைவிட்டு இறங்கி, இவரை இடித்துத் தள்ளிவிட்டது. வலது தொடை எலும்பு முறிந்தது. மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து, கையில் கம்போடு வெளியே வந்தார். குத்துக்கால் போட்டு உட்கார முடியாது. பத்து நிமிடம் சேர்ந்தாற்போல் நிற்க முடியாது. காட்டு வேலைக்காரிக்கு இந்த இரண்டும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? அண்ணன் வீட்டில் போய் ஒண்டிக்கொண்டார்.

எங்கள் ஆபீஸ் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்ததும், நான் பேனாவைத் திறப்பதற்கு முன்பே அவர் சொன்னது இதுதான்.

“அய்யா, மொதல்லயே சொல்லிப்புடுறேன். இது ஏற்கெனவே ஒடஞ்ச காலு. பத்து வருசத்துக்கு முன்னாடி கெணத்துப் படியில சறுக்கி விழுந்து, மொழங்காலுக்குக் கீழ ஒடஞ்சுபோச்சு. ஊருல கட்டுப் போடுறவரு மூங்கிப் பத்தை வச்சுக் கட்டுனாரு. கூடிருச்சு. லேசா சாய்ச்சு நடப்பேன், அம்புட்டுத்தான். வேலைவெட்டிக்கு ஒரு கொறையும் இல்ல.”

அதோடு நிறுத்தவில்லை. கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோது வண்டியூர் மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாராம். என்னை நடக்க வை, வெள்ளியில் கால் வாங்கிப் போடுகிறேன் என்று. நடந்ததும், பருத்தி எடுத்த கூலியைச் சேர்த்து, தனியாக பஸ் ஏறி வந்து, தெப்பக்குளத்துக் கோயில் வாசலில் விற்கிற வெள்ளித் தகட்டில் செய்த காலை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கண்ணில் கோளாறு என்றால் கண், கையில் என்றால் கை, காலில் என்றால் கால் என்று எங்கள் பக்கத்து ஜனங்கள் போடுவதுதான். அவர் அதை ஒரு சாதாரணத் தகவலாகத்தான் சொன்னார்.

“என்னை அய்யான்னு கூப்புடாதீங்க, தம்பின்னு கூப்புடுங்க” என்றேன். “இந்தப் பழைய முறிவு விசயத்த யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க. வக்கீல்கிட்டகூடச் சொல்ல வேண்டாம்.”

“ஏன் தம்பி?”

“அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்.”

நான் பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஏன் அப்படிச் செய்தேன் என்றால், அதற்கு முந்தின வருடம் ஒரு வழக்கு. மில் தொழிலாளி ஒருவர், பஸ் மோதி விலா எலும்பு நொறுங்கியவர். அவருக்கு முன்பே இளைப்பு நோய் இருந்தது. மூச்சு வாங்குவது பழைய வியாதியால்தான், பஸ் மோதியதால் அல்ல என்று எதிர்க்கட்சி வக்கீல் விடாமல் பேசி, கிடைக்க வேண்டியதில் பெரும் பகுதியை வெட்டவைத்துவிட்டார். கேஸ் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றிருந்த நான் அதிலிருந்து ஒரு பாடம் கற்றுக்கொண்டேன். பழைய வியாதி இருந்தால் மூடிவிட வேண்டும். அவ்வளவுதான் எனக்கு எட்டிய சட்டம்.

மனுவை வக்கீலிடம் கொடுத்தபோது அவர் வழக்கம்போலக் கேட்டார். “முன்னாடி நோய் நொடி, முறிவு ஏதாவது உண்டான்னு விசாரிச்சியாப்பா?”

“விசாரிச்சேன் சார். ஒண்ணும் இல்ல.”

அவர் என்னை நம்பினார். ஏழு வருடமாகக் கூட இருப்பவனை நம்பாமல் வேறு யாரை நம்புவார்? ஊனத்துக்குச் சான்றிதழ் கொடுத்த டாக்டரும் தொடையைத்தான் படம் எடுத்துப் பார்த்தார். முழங்காலுக்குக் கீழே யாரும் பார்க்கவில்லை. சாய்ந்து நடப்பதெல்லாம் லாரி செய்த வேலை என்றே காகிதத்தில் ஏறிவிட்டது. எல்லாம் எண்ணெய் போட்டாற்போல வழுக்கிக்கொண்டு போனது.

வழக்கு வரிசைக்கு வருவதற்கு ஒன்றரை வருடம் ஆனது. இடையிடையே வாய்தாவுக்கு வந்து போவார். பேரையூரிலிருந்து விடியற்காலை பஸ்ஸைப் பிடித்து, திருமங்கலத்தில் மாறி வர வேண்டும். கோர்ட்டு மரத்தடியில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, நான் கேட்காமலே பேசுவார். அவர் மனதில் இருந்தது ஒரே ஒரு காரியம்தான். ஊர் விலக்கில், பஸ் நிற்கிற இடத்தில், ஒரு பெட்டிக்கடை.

“வெத்தல, பாக்கு, பீடி, முட்டாயி. ஒக்காந்த எடத்துல வித்துக்கிட்டு இருந்துருவேன் தம்பி. ஓடியாடணும்னு இல்ல. அண்ணன் நல்லவன்தான், ஒண்ணும் சொல்ல மாட்டான். மதினிதான், சோத்தப் போட்டுட்டு தட்டையே பாத்துக்கிட்டு நிக்கும். அந்தப் பார்வைக்கு நடுவுல கை வாய்க்குப் போக மாட்டேங்குது.”

“கெடைச்சுரும்க்கா. கடைக்கு மொத போணி நான்தான்” என்பேன்.

“நீங்க பீடி குடிப்பீகளா?”

“ஒங்க கடைக்காகப் பழகிக்கிறேன்.”

அதற்குச் சிரிப்பார். சிரிக்கும்போது வாயைச் சேலை முந்தானையால் மூடிக்கொள்வார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிருந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பிடிக்காதவருக்குச் செய்த கெடுதல் என்றால் இம்புட்டுத் தூரம் மனதில் கிடந்து அறுக்காது.

சாட்சி சொல்லும் நாளுக்கு இரண்டு நாள் முன்னால் வரவழைத்து, எப்படிச் சொல்ல வேண்டும் என்று பழக்கினேன். விபத்துக்கு முன்னால் கால் எப்படி இருந்தது என்று கேட்பார்கள், நல்லா இருந்தது என்று சொல்லுங்கள் என்றேன். அவர் கம்பைத் தரையில் ஊன்றியபடி யோசித்தார்.

“அது பொய்யில்ல தம்பி?”

“என்னக்கா பொய்யி? லாரி இடிக்கிறதுக்கு முன்னாடி நடந்தீகளா இல்லையா?”

“நடந்தேன்.”

“பருத்தி எடுத்தீகளா, களை வெட்டுனீகளா, வெறகு சொமந்தீகளா?”

“எல்லாந்தான் செஞ்சேன்.”

“அப்ப கால் நல்லாத்தான இருந்துச்சு? அதைத்தான சொல்லச் சொல்றேன்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். படித்தவன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையை ஆட்டினார். அந்த நிமிடத்தில் என்னை நானே முதுகில் தட்டிக்கொண்டேன். நான் கேட்ட கேள்விகளும் அவர் சொன்ன பதில்களும்தான் அவருடைய முழு வழக்கும் என்பது என் மரமண்டைக்கு ஏறவில்லை. நடந்தார், எடுத்தார், வெட்டினார், சுமந்தார். பழைய காலை வைத்துக்கொண்டு இத்தனையும் செய்தவர், லாரி மோதியபின் ஒன்றும் செய்ய முடியவில்லை. இதை அப்படியே ஜட்ஜிடம் சொல்லியிருந்தால் போதும்.

இதற்கு மேல்தான் என் உண்மையான அயோக்கியத்தனம் வருகிறது. இதுவரை சொன்னதை முட்டாள்தனம் என்று தள்ளிவிடலாம்.

கோர்ட்டுக்கு எதிரே ஒரு டீக்கடை. வக்கீல்கள் உள்ளே எவ்வளவு கடித்துக்கொண்டாலும், குமாஸ்தாக்கள் நாங்கள் அந்தக் கடையில் ஒரே பெஞ்சில்தான் உட்காருவோம். ஒருவனுக்கு ஸ்டாம்பு குறைந்தால் இன்னொருவன் கொடுப்பான். ஒருவன் வாய்தா கேட்டால் இன்னொருவன் தன் வக்கீலிடம் பக்குவமாகச் சொல்லிவைப்பான். அந்தப் பெஞ்சில் பேசியது கோர்ட்டு வாசலைத் தாண்டக் கூடாது என்று ஒரு கணக்கு. எழுதிவைத்த சட்டமில்லை. ஆனால் அதை நம்பித்தான் எல்லாரும் வாயைத் திறந்துவைத்திருந்தோம். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு ஆஜராகிற வக்கீலின் குமாஸ்தா எனக்கு உயிர் சிநேகிதன். மாப்ள, மாப்ள என்றுதான் பேசிக்கொள்வோம்.

சாட்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் அவன் தன் வக்கீலைப் பற்றி அளந்துகொண்டிருந்தான். “எங்க ஆளுகிட்ட ஒருத்தனும் தப்ப முடியாது மாப்ள. பழைய வியாதிய மறைச்சுக்கிட்டு வாரவன மோந்தே கண்டுபுடிச்சிருவாரு.”

எனக்குப் பொறுக்கவில்லை. வாய் சும்மா இருக்குமா? “கிழிச்சாரு. எங்க பேரையூர்க்காரம்மா கேஸுல என்னத்தக் கண்டுபுடிச்சாரு? அது பழைய ஒடஞ்ச காலு. மாரியாத்தாளுக்கு வெள்ளியில கால் வாங்கிப் போட்ட ஆளு அது. மூடி மெழுகி வச்சிருக்கேன்ல. ஒங்க ஆளு மூக்கு அடைச்சுக்கிச்சா?”

அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்தேன். வடைக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு அவரைக் கூண்டில் ஏற்றினார்கள். நிற்க முடியாது என்பதால் ஸ்டூல் போட்டார்கள். கடவுள் சாட்சியாகச் சொல்வதெல்லாம் உண்மை என்று பிரமாணம் சொன்னார். எங்கள் வக்கீல் கேட்டார். விபத்துக்கு முன்னால் கால் எப்படி இருந்தது? நல்லா இருந்துச்சு சாமி என்றார். நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு எழுத்துப் பிசகாமல்.

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்தார். சத்தம் போடுகிறவர் அல்ல. வீட்டு மனிதர்களிடம் பேசுகிற மாதிரிதான் பேசுவார். கையில் காகிதம்கூட இல்லை.

“ஏம்மா, வண்டியூர் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருக்கீங்களா?”

நான் காசு கொடுத்த வடை ஞாபகம் வந்தது.

“போயிருக்கேன் சாமி.”

“நேத்திக்கடன் ஏதும் செலுத்துனீங்களா?”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். என்னிடமிருந்து அவருக்குக் கிடைத்த உதவி அதுதான். திரும்ப அவர் வக்கீலைப் பார்த்தபோது முகம் வேறு மாதிரி ஆகியிருந்தது.

“வெள்ளியில கால் போட்டேன் சாமி. ஆத்தாளுக்குப் போட்டத இல்லைன்னு சொல்ல மாட்டேன்.”

“எதுக்காகக் கால் போட்டீங்க?”

“கெணத்துப் படியில விழுந்து ஒடஞ்சுபோச்சு. நடக்க வைன்னு நேந்துக்கிட்டேன்.”

“இந்தக் கால்தானா?”

“இதே காலுதான்.”

“அப்ப முன்னாடி கால் நல்லா இருந்துச்சுன்னு இப்பச் சொன்னீங்களே?”

“பொய்தான் சாமி.”

எங்கள் வக்கீலின் பேனா நின்றுவிட்டது. எதிர்க்கட்சி வக்கீல் இன்னும் தன்மையாகக் கேட்டார். “உங்களுக்கா அப்படிச் சொல்லத் தோணியிருக்காதேம்மா. யாரு சொல்லச் சொன்னது?”

இந்த இடத்தில் அவர் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஜட்ஜின் கண்ணும் அந்தப் பார்வைக்குப் பின்னாலேயே வந்து என்மேல் விழுந்திருக்கும்.

“யாரும் சொல்லல சாமி. நானாத்தான் சொன்னேன்.”

எங்கள் வக்கீல் மறுபடி எழுந்து, விபத்துக்கு முன்னால் என்னென்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டு இழுத்துப் பிடிக்கப் பார்த்தார். பருத்தி, களை, விறகு எல்லாம் சொன்னார். அத்தனையும் சத்தியம். ஆனால் ஐந்து நிமிடத்துக்கு முன்னால் பொய் சொன்னேன் என்று ஒத்துக்கொண்ட வாயிலிருந்து வந்த சத்தியம். ஜட்ஜ் எழுதிக்கொண்டார், அவ்வளவுதான்.

ஆபீஸுக்கு வந்ததும் வக்கீல் கதவைச் சாத்தினார். “உனக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் சார்.”

அவர் அடித்திருந்தால்கூடத் தேவலை. “முட்டாப்பயலே, ஒடஞ்ச கால ஒடைச்சாலும் ஒடைச்சதுதான்டா. நல்ல கால் உள்ளவங்க மேல மட்டும்தான் லாரி மோதக் கூடாதுன்னு சட்டம் இருக்கா? அவ அந்தக் கால வச்சுக்கிட்டுப் பொழச்சா. லாரிக்காரன் அந்தப் பொழப்பக் கெடுத்தான். இதச் சொல்ல ரெண்டு சாட்சி போட்டிருந்தா முடிஞ்சுபோச்சு. அந்த மில்லுக்காரர் கேஸுல வெட்டுனாங்கன்னா, அவரு முன்னாடி என்ன செஞ்சாரு, பின்னாடி என்ன முடியலன்னு நம்மால காட்ட முடியல. அதுக்காக வெட்டுனாங்க. நீ எதைப் பாத்து எதைக் கத்துக்கிட்டு வந்திருக்க?” பிறகு கேட்டார். “அது கெடக்கட்டும். அந்தப் பக்கத்து வக்கீலுக்கு எப்படித் தெரிஞ்சது?”

“தெரியல சார்” என்றேன்.

சாயங்காலம் டீக்கடைக்குப் போய் என் சிநேகிதனின் சட்டையைப் பிடித்தேன். அவன் கையை விலக்கவில்லை. “நீ சொன்னத சிரிப்புக்குத்தான் மாப்ள அவருகிட்டச் சொன்னேன். அவரு சிரிக்கவே இல்ல. அப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.” பிறகு, “என் வாயில வந்தது ஒன் வாயில இருந்து போனதுதான மாப்ள” என்றான். சட்டையை விட்டுவிட்டேன். வேறென்ன செய்ய?

வக்கீல் ஒரு கடைசி முயற்சி செய்தார். அந்த அக்கா வேலை பார்த்த காட்டுக்குச் சொந்தக்காரரைச் சாட்சிக்கு அழைத்து வா என்று என்னை அனுப்பினார். பேரையூரில் இறங்கி, கரிசல் வெடித்துக்கிடந்த வெயிலில் மூன்று மைல் நடந்து போய்ப் பார்த்தேன். பருத்தி மூட்டைகளை எடை போட்டுக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார், மோர் கொடுத்தார்.

“அவளப் பத்திக் கேக்கணுமா? நொண்டிக்கிட்டே நாலு பேரு வேலை செய்வா. இந்தக் காட்டுல பருத்தி எடுக்குறப்ப மொத நெரை அவளுதுதான். முன்னாடியே வந்து கேட்டிருந்தா நானே வண்டி வச்சு வந்து சொல்லியிருப்பேன். இப்ப ஊரு பூராவும் பேச்சு, கோர்ட்டுல பொய் சொல்லி மாட்டிக்கிட்டான்னு. நான் வந்து சொன்னா, நானும் பொய் சொல்ல வந்தவன்னுதான சொல்லுவாங்க? என்னைய விட்டுருங்க தம்பி.”

பொய் சொல்லச் சொன்னது நான்தான் என்று அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் ஒருவேளை வந்திருப்பார். மோரைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

தீர்ப்பு ஒரு மாதத்தில் வந்தது. மனுதாரர் முக்கியமான உண்மையை மறைத்திருக்கிறார், அவருடைய சாட்சியம் நம்பத் தகுந்ததல்ல. இப்போதுள்ள ஊனத்தில் எவ்வளவு பழையது, எவ்வளவு புதியது என்று பிரித்துக் காட்டவில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்கும் பட்ட வேதனைக்குமாக ஏதோ கொஞ்சம் கொடுத்தார்கள். பிழைப்புப் போனதற்கு ஒன்றுமில்லை. பெட்டிக்கடைக்குப் பலகை வாங்கக்கூடக் காணாது. அப்பீல் என்றால் மெட்ராஸ் ஹைகோர்ட்டுக்குப் போக வேண்டும். வக்கீல், ஃபீஸ் வேண்டாம், போடலாம் என்றார்.

அந்த அக்கா வேண்டாம் என்றுவிட்டார். தீர்ப்பைக் கேட்க ஆபீஸுக்கு வந்திருந்தார். மாடிப்படியை ஒவ்வொன்றாகக் கம்பை ஊன்றி ஏறி வந்தவரிடம் நான்தான் விவரம் சொன்னேன். கேட்டுவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“நான்தான் தம்பி கெடுத்துப்புட்டேன். நீங்க இம்புட்டுப் பாடுபட்டு எழுதுனீக. வக்கீலய்யா முகத்துல முழிக்கவே வெக்கமா இருக்கு. ஆத்தா பேரச் சொல்லிக் கேட்டதும் நாக்கு பொரளல. என்னைய மன்னிச்சுக்கங்க.”

டீக்கடையில் உளறியதைச் சொல்லிவிடு என்று உள்ளே ஒன்று பிடித்துத் தள்ளியது. வக்கீல் அடுத்த அறையில் இருந்தார். அவர் காதில் விழுந்தால் வேலை போய்விடும் என்று நினைத்தேன். வீட்டில் பெண்டாட்டி ஆறு மாதம். இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை, அந்த நேரத்தில் மனது எப்படி ஓடியது என்று சொல்கிறேன். “நீங்க ஏங்க்கா மன்னிப்புக் கேக்குறீக, விடுங்க” என்றேன். பெரிய மனிதன் பெருந்தன்மையோடு மன்னிக்கிற மாதிரி ஆகிவிட்டது அது.

“நான்தான் சொல்லச் சொன்னேன்னு கோர்ட்டுல சொல்லியிருக்கலாம்க்கா” என்று மட்டும் கேட்டேன், குரலைத் தாழ்த்தி.

“அதெப்படி? ஒங்க பொழப்புப் போயிராது? ஒருத்தி பொழப்புப் போனது பத்தாதா?” என்றார். “ஆனா சத்தியம் பண்ணிட்டுச் சொன்ன பொய்யாச்சே அது. ஆத்தாகிட்டப் போயி அதுக்கு ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் ஊருக்குப் போகணும். தெப்பக்குளத்துக்கு எந்த பஸ்ஸு?”

பஸ் ஸ்டாப் வரை கூட நடந்தேன். ஒரு பர்லாங்கு தூரத்துக்கு இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஸ்டாப்பில் ஒரு கடைப் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர், திடீரென்று கேட்டார்.

“தம்பி, ஒண்ணு எனக்கு வெளங்கல. நான் வெள்ளிக்கால் போட்டது அந்த வக்கீலுக்கு எப்படித் தெரிஞ்சது? தனியா வந்துதான் போட்டேன். எங்க அண்ணனுக்கே தெரியாது. ஒங்க ஒருத்தர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்.”

தெரிந்துகொண்டுதான் கேட்கிறார் என்று நினைத்தேன். கேட்டால் கேட்கட்டும், காறித் துப்பட்டும், இந்த நடுரோட்டில் எல்லாவற்றையும் கொட்டிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் முகத்தில் சந்தேகமே இல்லை. யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்த முகம் அது.

“ஆத்தாதான் அவுக வாயில வந்து கேட்டிருக்கா. நான் அவளுக்குக் குடுத்ததையே மறைச்சேன்ல, அது அவளுக்குப் பொறுக்கல. அப்படித்தான இருக்கும்?”

பதிலுக்காக என்னைப் பார்த்தார்.

“இருக்கும்க்கா” என்றேன்.

பஸ் வந்தது. கம்பை என்னிடம் கொடுத்துவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துத் தன்னைத் தானே இழுத்து ஏற்றிக்கொண்டார். பிறகு கையை நீட்டிக் கம்பை வாங்கிக்கொண்டார்.

“வாரேன் தம்பி. நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீக. ஒங்களுக்கும் சேத்துத்தான் ஆத்தாகிட்ட மன்னிப்புக் கேக்கப் போறேன்.”